உறைந்த தோளும் முதல் நாளும்

பிசியோதெரபி என்று ஊரெங்கும் வழங்கும் இயன்முறை மருத்துவத்தைத் தமிழ்நாட்டில் முதன்முறையாக நாடிச் செல்லும் ஒருவர், பெரும்பாலும் எலும்பு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு சிறு சீட்டுடனும், 'கரண்ட் வைப்பார்கள், வலி போய்விடும்' என்று அக்கம்பக்கத்தார் சொல்லியனுப்பிய நம்பிக்கையுடனுமே செல்கிறார். அந்தச் சீட்டில் மூட்டின் பெயரும் 'பத்து சிட்டிங்' என்பது போன்ற ஒரு கணக்கும் இருக்குமேயன்றி, அங்கே என்ன நடக்கும் என்பதற்கான விளக்கம் இராது. எனவே முதல் நாளின் பெரும்பகுதி கேள்வி கேட்பதிலும் அளவெடுப்பதிலும் கழிவதைக் காணும் நோயாளிக்கு, வந்த வேலை இன்னும் தொடங்கவில்லையே என்ற பொறுமையின்மை எழுவது இயல்பு. அந்தக் கேள்விகளும் அளவுகளுமே அன்றைய வேலை என்பது அவருக்கு அப்போது தெரிவதில்லை. கட்டுரையாளரின் அன்னை, ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, சர்க்கரை நோயாளி, உறைந்த இடத்தோளுடன் தென்மாவட்ட நகர் ஒன்றிலுள்ள இயன்முறை மருத்துவ நிலையத்துக்குச் சென்ற முதல் நாளைக் கொண்டு அந்த வேலையின் தன்மையை விளக்கலாம்.

தோள் மூட்டில், மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோள்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற குழியில் அமர்ந்திருக்கிறது. அதைச் சூழ்ந்திருக்கும் மூட்டுறை என்ற சவ்வுப்பை, கையைத் தொங்கவிட்ட நிலையில் அடிப்புறம் மடிப்பு மடிப்பாகத் தளர்ந்து கிடந்து, கையை உயர்த்தும்போது அந்த மடிப்புகள் விரிந்து இடங்கொடுப்பதால்தான் உடலின் வேறெந்த மூட்டுக்கும் இல்லாத வீச்சு தோளுக்குக் கிடைக்கிறது. உறைந்த தோள் என்ற நோயில் இந்த உறை அழற்சியுற்று, தடித்து, சுருங்கிவிடுகிறது. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934இல் இதற்கு இப்பெயரை வழங்கினார். 1945இல் ஜூலியஸ் நெவியாசர், சுருங்கித் தடித்த மூட்டுறையே இதன் இருப்பிடம் என்பதை எடுத்துக்காட்டினார். நாற்பது முதல் அறுபது வயதுக்குட்பட்டோரையும், ஆண்களைவிடப் பெண்களையும் இது மிகுதியாகத் தாக்குகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதல். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, இணைப்புத் திசுக்களின் நாரான கொலாஜன் புரதத்தோடு ஒட்டி அதை விறைக்கச் செய்வது இதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சர்க்கரை நோயைப் பற்றிக் கண்ணுக்கும் காலுக்கும் சிறுநீரகத்துக்கும் எச்சரிக்கை விடுக்கும் அளவுக்குத் தோளுக்கு யாரும் விடுப்பதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அன்னையின் நோய் பல மாதங்கள் பெயரில்லாமலேயே வளர்ந்தது. முதலில் 'படுத்த படுக்கை சரியில்லை' என்று தலையணையின் மேல் பழி போடப்பட்டது. பிறகு பக்கத்து ஊரில் எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் இரு முறையோ மூன்று முறையோ கை உருவி விடப்பட்டது. இறுதியில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் பழுதில்லை என்று கூறி, ஊசி வேண்டாமென்று அன்னை மறுத்ததால் பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதினார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற சொல் நோயாளிக்கு ஆறுதலைவிடக் குழப்பத்தையே தந்தது. ஆனால் இந்நோயில் எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மூட்டுத் தேய்மானமோ மூட்டு நழுவலோ இல்லை என்று விலக்குவதற்கே அது எடுக்கப்படுகிறது. சவ்வுப்பையின் சுருக்கம் அதில் தெரிவதில்லை.

மூட்டுவலிக்காரர்கள் வந்துபோகும் அந்த நிலையம், தமிழ்நாட்டு நகரங்களில் வழக்கமாகக் காணப்படுவது போலவே, மாடியில் இருந்தது. அந்த மாடிப்படிகூட முதல் கேள்விக்குப் பயன்பட்டது. இளம் பெண்ணாக இருந்த பிசியோதெரபிஸ்ட், மூச்சு வாங்கியபடி வந்து அமர்ந்தவரிடம், படியேறும்போது தோள்வலி கூடியதா, நெஞ்சில் இறுக்கம் தெரிந்ததா என்று கேட்டார். இடத்தோளில் வலி என்று வரும் சர்க்கரை நோயாளியிடம் இதய வலி தோளுக்குப் பரவி வருகிறதா என்று ஐயுறுவது இத்துறையின் முதல் ஒழுக்கம். இவ்வாறு நோயாளியை உடனே வேறு மருத்துவரிடம் திருப்பியனுப்ப வேண்டிய அறிகுறிகளைச் 'சிவப்புக் கொடிகள்' என்று இத்துறையினர் வழங்குகின்றனர். காரணமின்றி உடல் மெலிதல், காய்ச்சல், முன்பு வந்த புற்றுநோய், எந்த நிலையில் படுத்தாலும் தணியாத இரவு வலி, முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடிழத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். எடை குறைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு, 'குறைந்தால் நல்லதுதானே' என்று அன்னை கூறிய விடை குறிப்பேட்டில் 'இல்லை' என்று பதிவாயிற்று.

அதன் பின்னர் வந்த கேள்விகள் பலவும் வீட்டைப் பற்றியவை. எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறார், வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, வலிக்கு என்ன மாத்திரை எத்தனை நாளாக, கடைசியாக எடுத்த 'மூன்று மாதச் சர்க்கரை' எவ்வளவு என்பன கேட்கப்பட்டன. மூன்று மாதச் சர்க்கரை என்று மக்கள் குறிப்பிடுவது, சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளந்து கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையாகும். மாத்திரை அட்டைகளையும் பழைய சோதனைத் தாள்களையும் துணிப்பையில் திரட்டிச் சென்றிருந்தது இங்கே பெரிதும் உதவிற்று. 'வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று' என்ற அளவில் விடை சொல்லும் நோயாளிகளால் முதல் சந்திப்பின் கால்மணி நேரமாவது வீணாகிறது. வேறெங்கும் காட்டியதுண்டா என்ற கேள்விக்கு அன்னை சிறிது தயங்கிச் சுளுக்கு எடுத்த கதையைச் சொன்னபோது, பிசியோதெரபிஸ்ட் கடிந்து கொள்ளவில்லை. கையை வெடுக்கென இழுத்தார்களா, அதன்பின் வலி கூடியதா, எக்ஸ்ரே அதற்கு முன்னா பின்னா என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். மறைக்கப்பட்டிருந்தால் தவறான முடிவுக்கு வழிகோலியிருக்கக்கூடிய செய்தி அது.

இக்கட்டத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி தனியே குறிப்பிடத்தக்கது. முன்பு செய்து இப்போது செய்ய முடியாமற்போன வேலைகளுள் மூன்றைச் சொல்லுமாறும், ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் பத்துக்குள் மதிப்பெண் இடுமாறும் கேட்கப்பட்டது. சுழியம் என்றால் அறவே இயலவில்லை, பத்து என்றால் பழையபடி இயல்கிறது என்று பொருள். 'எல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறேன்' என்பதே அன்னையின் முதல் விடை. வாழ்நாளெல்லாம் பிறருக்கு மதிப்பெண் இட்டவர் தமக்கு இட்டுக்கொள்ள மறுத்தார் என்றும் கொள்ளலாம். முடியவில்லை என்று பிறர் முன் ஒப்புவதில் நம் மூத்த பெண்களுக்குள்ள கூச்சம் என்றும் கொள்ளலாம். உடன் வந்திருந்த மருமகள் மெல்ல எடுத்துக்கொடுத்த பின்னரே பட்டியல் வெளிவந்தது: தலை பின்னிக்கொள்ள முடியவில்லை, முந்தானையைப் பின்னால் சுற்றி இடுப்புக்குக் கொண்டுவர முடியவில்லை, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை. முறையே இரண்டு, மூன்று, சுழியம் என்று மதிப்பெண்கள் விழுந்தன. வலியின் அளவையும் இதேபோல் பத்துக்குள் கேட்கும் வழக்கம் உண்டாயினும், அந்த எண்ணைவிட இந்த மூன்று எண்களே நோயாளியின் நாளைக் காட்டுகின்றன என்று தோன்றுகிறது. வலிக்கு ஏழு என்றவர் அதே மூச்சில் எட்டு என்றும் சொல்வார். பேருந்துக் கம்பி எட்டவில்லை என்பதில் அத்தகைய ஊசலாட்டம் இல்லை.

அளவெடுப்பதற்கு முன் உடை குறித்த ஒரு சிறு சிக்கல் எழுந்தது. தோளைப் பார்க்காமல் தோளை அளக்க முடியாது. இறுக்கமான கையுள்ள ரவிக்கையோ மூட்டின் அசைவையும் மறைக்கிறது, அசைய விடுவதுமில்லை. திரைச்சீலைக்குப் பின்னால், முன்புறம் முடிச்சிடும் பருத்தி மேலாடை ஒன்று கொடுக்கப்பட்டதால் அன்னையின் கூச்சம் ஒருவாறு நீங்கிற்று. தோளுக்குச் செல்பவர் தளர்ந்த மேலாடையும், முழங்காலுக்குச் செல்பவர் சுருட்டத்தக்க காற்சட்டையோ வேட்டியோ அணிந்து செல்வதும், பெண் நோயாளிகள் பெண் மருத்துவர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்பதும், துணைக்கு வந்தவரை உள்ளே இருத்திக்கொள்வதும் முற்றிலும் முறையானவை. எந்த மருத்துவச் சீட்டிலும் இவை எழுதப்படுவதில்லை.

அளவெடுத்தல் கழுத்தில் தொடங்கியது. கழுத்தைத் திருப்பியும் சாய்த்தும் பார்த்தது, கழுத்து நரம்பின் வலி தோளில் தோன்றும் வாய்ப்பை விலக்குவதற்காக. அதன் பின் வலக்கை, அதாவது நோயில்லாத கை, முதலில் அளக்கப்பட்டது. நோவது இந்தக் கையன்று என்று அன்னை இரு முறை நினைவூட்டினார். நூல்களில் உள்ள இயல்பளவு பொதுவானது. ஒருவருக்கு உரிய இயல்பளவு அவருடைய மறுகையிலேயே இருப்பதால், அதை அறிந்த பின்னரே நோயுள்ள கையின் இழப்பைக் கணிக்க முடியும் என்பது இவ்வரிசையின் காரணம். அளக்கப் பயன்பட்டது கோணமானி: பாகை குறித்த வட்டத் தகட்டின் நடுவில் கோத்த இரண்டு ஒளிபுகும் நெகிழிப் பட்டைகளைக் கொண்ட எளிய கருவி. வட்டத்தின் நடுப்புள்ளி மூட்டின் அச்சில் வைக்கப்பட்டது. ஒரு பட்டை உடற்பகுதிக்கு இணையாக நிற்க, மற்றொன்று கையோடு சேர்ந்து நகர்ந்தது.

'கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் இரண்டு கையையும் தூக்குங்கம்மா' என்பதே கட்டளை. வலக்கை காதை ஒட்டி நின்றது. இடக்கை தோள்மட்டத்தைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னபோது, கை உயர்வதற்குப் பதிலாகத் தோள்பட்டையே காதை நோக்கி ஏறி, உடல் வலப்புறம் சாய்ந்தது. மூட்டு தரமறுத்த அசைவை முதுகெலும்பும் தோள்பட்டை எலும்பும் ஈடுகட்ட முயலும் இந்த உத்தியை நோயாளி அறிவதே இல்லை. தாம் கையைத்தான் தூக்குவதாக அவர் நம்புகிறார். பிசியோதெரபிஸ்ட் ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு மீண்டும் உயர்த்தச் சொன்னதும், நூற்றுப் பத்துப் பாகையாகத் தோன்றியது எழுபதாகக் குறைந்தது. அன்னையின் முகம் வாடியது அப்போதுதான். பின்னர் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி முன்கையை வெளிப்புறமாகத் திருப்பும் அசைவு அளக்கப்பட்டது. வலக்கை எளிதாகத் திரும்பிய அந்த வழியில் இடக்கை பதினைந்து பாகையோடு முடிந்தது. வெளிப்புறத் திருப்பம் எல்லாவற்றிலும் மிகுதியாகவும், பக்கவாட்டு உயர்வு அதற்கடுத்தும், உட்புறத் திருப்பம் அதற்குக் குறைவாகவும் இழக்கப்படும் இவ்வரிசை, மூட்டுறைச் சுருக்கத்தின் கைரேகை எனத்தக்கது.

உட்புறத் திருப்பத்துக்குக் கோணமானி பயன்படுத்தப்படவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டைவிரல் முதுகெலும்பில் எவ்வளவு உயரம் எட்டுகிறது என்று பார்க்கப்பட்டது. வலது கட்டைவிரல் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டத்தைத் தொட்டது; இடது கட்டைவிரல் இடுப்பைத் தாண்டவில்லை. முந்தானை ஏன் சுற்ற முடியவில்லை என்பது அந்த இரண்டு கட்டைவிரல்களுக்கும் இடையிலிருந்த தொலைவில் விளங்கிவிட்டது.

நோயாளி தாமே செய்யும் அசைவு முடிந்ததும், கையைத் தளரவிடச் சொல்லி அதே அசைவுகளைப் பிசியோதெரபிஸ்ட் செய்து பார்த்தார். முன்னதைத் தன்னசைவு என்றும் பின்னதைப் பிறரசைவு என்றும் சொல்லலாம். நோய்க்கணிப்பின் திறவுகோல் இந்த இரண்டுக்கும் இடையேயுள்ள உறவில் இருக்கிறது. தசைநாண் கிழிந்தவருக்குத் தம்மால் கையைத் தூக்க இயலாது. பிறர் தூக்கினால் கை எழும். மூட்டுறை சுருங்கியவருக்கோ யார் தூக்கினாலும் அதே இடத்தில் கை நின்றுவிடும். அன்னையின் கை அவ்வாறே நின்றது. அசைவு முடியும் இடத்தில் கைக்குத் தென்படும் தடையின் தன்மையையும் இத்துறையினர் கவனிக்கின்றனர். எலும்பு முட்டினால் கடினமாகவும், உறை இழுத்தால் தோல்வாரை இழுத்தது போலவும் அது உணரப்படும். இதைப் பெற எந்தக் கருவியும் இல்லை. பயின்ற கைகள் மட்டுமே உண்டு. இறுதியாகத் தசைவலிமை சுழியம் முதல் ஐந்து வரையிலான அளவுகோலில் பதியப்பட்டது. அசைவே அற்ற தசைக்குச் சுழியம், புவியீர்ப்பை எதிர்த்து உயர்த்தும் தசைக்கு மூன்று, முழு எதிர்ப்பையும் தாங்கும் தசைக்கு ஐந்து.

திரைச்சீலைக்கு அப்பால் நிலையத்தின் அன்றாடம் நடந்துகொண்டிருந்தது. சுவரில் பதித்த பெரிய தோள்சக்கரத்தை ஒருவர் சுற்றிக்கொண்டிருக்க, பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்த முதியவர் இணைகம்பிகளுக்கு நடுவே அடி வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். இத்துறை இந்நாட்டில் வேரூன்றிய வரலாறும் இத்தகைய அறைகளில்தான் தொடங்குகிறது. போலியோவால் முடங்கிய குழந்தைகளின் தேவையை முன்னிட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1953இல் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பிசியோதெரபிப் பள்ளி உருவாயிற்று. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பெயரை இதிலிருந்து பிரிக்க முடியாது. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியபோது, இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்பிப்பது பயிற்சியாலேயே கைகூடியது. 1954இல் நேர்ந்த விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அத்தகைய கைகளுக்கு அறுவை செய்து, பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், இன்று படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே அரசு பிசியோதெரபிஸ்ட்டுகள் செல்கின்றனர்.

அன்னை எதிர்பார்த்து வந்த எந்திரத்துக்கும் ஒரு வழியாக முறை வந்தது. ஆனால் அதற்கு முன்னும் ஒரு சோதனை இருந்தது: வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றும் தண்ணீர் நிரப்பியது ஒன்றும் மாறி மாறித் தோளில் வைக்கப்பட, கண்களை மூடிக்கொண்டு எது சூடு, எது குளிர்ச்சி என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. நீண்டநாள் சர்க்கரை நோயில் தோலின் உணர்ச்சி மழுங்கக்கூடும். சூட்டை உணராத தோலில் வெந்நீர்ப் பொதியை வைத்தால் கொப்புளம் எழும்வரை நோயாளிக்குத் தெரியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவரும், கருவுற்றவரும், உடலில் உலோகத் தகடு உள்ளவரும் எந்திரத்தின் முன் அமரும் முன்னரே அதைத் தெரிவித்துவிட வேண்டுமென்பதும் இவ்வகைக் காரணங்களாலேயே. பின்னர் தோளின் முன்னும் பின்னும் ஈரப் பஞ்சுப் பட்டைகள் கட்டப்பட்டு ஐஎஃப்டி என்ற மின்சிகிச்சை தரப்பட்டது. அதில் நான்காயிரம் ஹெர்ட்ஸ் அளவிலான, சிறிதே வேறுபட்ட இரண்டு மின்னோட்டங்கள் உடலுக்குள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, மெல்லிய துடிப்பாக உணரப்படுகின்றன. தொடுகை, துடிப்பு போன்ற உணர்ச்சிகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வழியை அடைக்கக்கூடும் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாயில் கோட்பாடு' இவ்வகைச் சிகிச்சைகளுக்கு அடிப்படையாகக் கூறப்படுகிறது. எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று கூறி அன்னை முதன்முறையாக நிறைவோடு புன்னகைத்தார். எந்திரத்தின் மீதான நம்பிக்கை நம்மிடையே அளவு மீறியது என்பதும், சில நிலையங்கள் அதை வளர்க்கவே செய்கின்றன என்பதும் கட்டுரையாளரின் கருத்து. மின்னோட்டம் சிறிது நேரம் வலியைத் தணிக்கும். சுருங்கிய உறையை அது விரிப்பதில்லை.

விரிக்கும் வேலை நோயாளியின் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. காட்மனின் பெயரால் வழங்கும் ஊசல் பயிற்சியில், நல்ல கையால் மேசையைப் பற்றிக் குனிந்து, நோயுள்ள கையைத் தொங்கவிட்டு, உடலின் அசைவாலேயே அதைச் சிறு வட்டங்களாக ஆடவிட வேண்டும். இரண்டாவது, சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது. மூன்றாவதற்குக் கப்பி வேண்டும். கடையில் வாங்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது, வீட்டுக் கொல்லையில் பயன்படாமல் கிடக்கும் கிணற்று ராட்டினம் ஆகுமா என்று அன்னை கேட்டார். ஆகும் என்று தெரிந்ததும் கயிற்றின் நீளம், கட்டும் உயரம், உட்காரும் நாற்காலியின் இடம் என்று அவரே அடுக்கடுக்காகக் கேட்கலானார். ஒவ்வொரு பயிற்சியும் அவர் செய்து காட்டிய பின்னரே தாளில் எழுதப்பட்டது. எத்தனை முறை, எந்த வேளை, எவ்வளவு வலி பொறுக்கலாம் என்பனவும் எழுதப்பட்டன. பயிற்சிக்குப்பின் வலி சிறிது நேரத்தில் தணிந்தால் பயிற்சி பொருந்துகிறது; இரவெல்லாம் நீடித்தால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும். வலிப்பது நல்லது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது அழற்சியைக் கிளறி உறையை மேலும் இறுக்கும் என்பது தனியே அழுத்திச் சொல்லப்பட்டது.

எப்போது சரியாகும் என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. உறைந்த தோள், வலி மிகும் காலம், விறைத்து நிற்கும் காலம், இளகும் காலம் என்று மூன்று கட்டங்களாகச் செல்வது. மொத்தத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீள்வதும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குச் சற்றே கூடுதலாகவும் ஆகலாம். பிசியோதெரபிஸ்ட் இதை மறைக்காமல் சொன்னார். பத்து சிட்டிங்கில் முடியுமென்று சீட்டில் எழுதியிருக்கிறதே என்று அன்னை அதை நீட்டினார். அது எலும்பு மருத்துவர் தொடங்குவதற்காக எழுதிய கணக்கு என்றும், பத்தாவது நாள் மீண்டும் அளந்து பார்த்து, பாகைகள் கூடியிருந்தால் தொடர்வதும் கூடாவிட்டால் அவரிடமே திருப்பியனுப்புவதும் முறை என்றும் விடை கிடைத்தது. அன்னை அதை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. காலணியை மாட்டிக்கொண்டே, அடுத்த முறை அந்தக் கரண்டை இன்னும் கொஞ்ச நேரம் கூட்டி வைக்க முடியுமா என்று விசாரித்துவிட்டுத்தான் அவர் படியிறங்கினார்.